நிமிஷத்துக்கு 33 ரூபாய்: கோவை ஏசி ரூமிலிருந்து பஞ்சாயத்து மாடி வரை

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரே ஒரு இடத்தைப் பற்றிய ரிவ்யூ இல்லை. போன ஆடியிலிருந்து தை வரைக்கும் நானும் எங்க வீட்டுக்காரரும் புருசன் பெண்டாட்டி கவுன்சிலிங் என்று ஏறி இறங்கின நாலு இடத்தைப் பற்றியது. காசு கொடுத்த இரண்டு இடத்தின் பேரை எழுதப் போவதில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும், எனக்கு ஒத்துவராதது இன்னொருவருக்கு ஒத்துவரலாம். காசு கேட்காத இடங்களை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பக்கத்திலேயே இருந்தும் நாலு மாசம் எனக்கே தெரியவில்லை.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று ரேஷன் கார்டில் இருக்கும், ஆனால் கடைத்தெருவில் நின்றால் காதில் விழுவது தமிழ்தான். நான் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். அவர் சொந்தமாக ஒரு குட்டியானை மினிலாரி வைத்துக்கொண்டு வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு இளநீர் லோடு அடிக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் நெகமம் பக்கம், கல்யாணத்துக்கு அப்புறம்தான் பார்டர் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். ஒன்பது வருசமாகியும் அவருடைய மலையாளம் டீக்கடையோடு சரி. இது பின்னால் ஒரு இடத்தில் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை என்னவென்று மூடி மறைக்க ஒன்றுமில்லை. அவர் தங்கச்சி புருசன் வாங்கின பேங்க் கடனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் வாங்கினவர் கட்டவில்லை, நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர் பேருக்கு வந்த தபாலை நான் பிரித்தது தப்பு என்று அவர், கையெழுத்துப் போட்டது தப்பு என்று நான். மூன்று வாரம் பேச்சே இல்லை. இரண்டாம் கிளாஸ் படிக்கிற எங்கள் பாப்பாதான் தபால்காரி. "அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு." "அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்லைன்னு." ஒரு நாள் அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "நீங்களே சொல்லிக்கோங்க, எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்று போய்விட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

முதலில் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பெரிய மாமா வந்தார், கோழிக்குழம்பு சாப்பிட்டார், "அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அப்புறம் ஜோசியர், பரிகாரத்தோடு 2,100 ரூபாய். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

கோவைக்குப் போகலாம் என்று சொன்னது மில்லில் கூட வேலை பார்க்கிற அக்கா. அவர் மகளுக்கு அங்கே சரியாயிற்றாம். நல்ல சுத்தமான இடம், ஏசி ரூம், செருப்பை வெளியே விடச் சொன்னார்கள், மேசைமேல் டிஷ்யூ பெட்டி. பதிவுக்கு 300, ஒரு சிட்டிங் 45 நிமிஷம், 1,500 ரூபாய். அந்த அம்மா நல்லவர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். யார் பக்கமும் சாயாமல், குரலை உயர்த்தாமல், இரண்டு பேரையும் மாறி மாறிப் பேச விட்டார். ஆனால் எனக்கு இருந்த கஷ்டம் வேறு. நான் "மனத்தாங்கல்" என்று சொன்னதை அவர் நோட்டில் "ஆங்கர்" என்று எழுதிக்கொண்டார். கோபம் இல்லைங்க, மனத்தாங்கல் என்று இரண்டாவது தடவை சொன்னேன். தலையாட்டினார், திருத்தவில்லை. மூன்றாவது சிட்டிங்கில் கையில் இரண்டு தாளைக் கொடுத்து, கோபம் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் இருந்ததை வீட்டில் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் அதன் பின்பக்கத்தில் லோடு கணக்கு எழுதிவிட்டார்.

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, எங்களுக்கு நேர் எதிரே. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாவது தடவை நான் பேச முடியாமல் அழுதுவிட்டேன். திரும்பி வரும்போது உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவர் போனை எடுத்து 1,500-ஐ 45-ஆல் வகுத்தார். நிமிஷத்துக்கு 33 ரூபாய் 33 காசு. "நீ அழுத அஞ்சு நிமிஷம் 165 ரூவா புள்ள" என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றாவது சிட்டிங்கில் நான் அழவில்லை, பேசவும் இல்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தால் வந்த சண்டையைத் தீர்க்கப் போன இடத்தில் புதிதாக ஒரு பணச் சண்டை.

நடுவில் ஒரு தடவை லோடு இறக்க நேரமாகி வரமுடியவில்லை என்று காலையில் போன் பண்ணினேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டுமாம், பாதிப் பணம் 750 போயிற்று. விதி அவர்கள் தாளிலேயே எழுதியிருந்தது, படிக்காதது என் தப்பு. நீங்கள் போகும்போது அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், எங்க வீட்டில் ஏற்கெனவே ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத்தான் இவ்வளவும்.

மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், தொழில் அதுதானே. பதிவு 300, நாலு சிட்டிங் 6,000, வராத நாளுக்கு 750, இரண்டு பேர் பஸ் செலவு நாலு தடவைக்கு 640. இதெல்லாம் 7,690. ஆனால் வண்டி ஓடாத நாலு நாளைக்கு அவர் விட்ட வருமானம் ஒரு நாளைக்கு 1,200 வைத்தால் 4,800. ஆக 12,490. பீஸை மட்டும் கேட்டுவிட்டு இவ்வளவுதான் ஆகும் என்று நினைக்காதீர்கள், எங்களைப் போலத் தினக்கூலி, லோடுக்கூலிக்காரர்களுக்குப் போகிற நாளும் செலவுதான். இன்ஷூரன்சில் வருமா என்றும் விசாரித்தேன். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோயைப் போலவே இன்ஷூரன்ஸ் தரவேண்டும் என்கிறது, ஆனால் புருசன் பெண்டாட்டி மனத்தாங்கல் நோய் இல்லையே. கைக்காசுதான்.

அவர்கள் ஏன் அவ்வளவு வாங்குகிறார்கள் என்றால், ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் ஒழுங்காகக் கேட்க முடியாது, ரூம் வாடகை இருக்கிறது, படிப்புச் செலவு இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கொடுக்கிற காசு எதற்குப் போகிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். கவுன்சிலர் என்று போர்டு மாட்ட இன்றைய தேதியில் யாராலும் முடியும். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டால் அது வேறு, அவர்கள் எம்.ஃபில். மாதிரி மேல்படிப்பு முடித்து ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் கேட்டால் சொல்லுவார்கள், கேட்பதில் தப்பே இல்லை. மாத்திரை எழுத வேண்டுமென்றால் அது சைக்யாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவமும் படித்த டாக்டர். இந்த மூன்றையும் நான் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, முதல் போனிலேயே "எங்களால இவ்வளவுதான் முடியும், குறைச்சு வாங்குவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. எனக்கு அப்புறம் போன மில் அக்காவின் தம்பி வாய்விட்டுக் கேட்டு, அதே இடத்தில் 900-க்குப் பேசி முடித்துவிட்டார்!

அடுத்தது மொபைல் ஆப். மூன்று சிட்டிங் பேக்கேஜ் 3,600. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு ரூம், ஒரு ஹால், ஹாலில் பாப்பா, அவள் காதில் விழாமல் நான் புழக்கடையில் கல்மேல் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் பேசினேன், அவர் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்குள் இருந்து பேசினார். பின்னால் லாரி ஹாரன். அந்தப் பக்கம் இருந்த பெண் பெங்களூருவிலோ எங்கோ, தமிழ் தெரியும் என்று போட்டிருந்தது, தெரிந்தது, ஆனால் ஜாமீன் என்றால் ஜெயிலில் இருந்து எடுப்பது என்று நினைத்துக்கொண்டு அரை சிட்டிங் போய்விட்டது. தனி அறையும் நல்ல நெட்டும் இருக்கிறவர்களுக்கு, அதுவும் வெளிநாட்டில் புருசன் இருக்கிற வீட்டுக்கு, இது சரிப்படும். எங்களுக்குச் சரிப்படவில்லை, மூன்றாவது சிட்டிங்கை எடுக்கவே இல்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மணி ஒன்றோ ஒன்றரையோ. அப்போதுதான் 14416-க்குப் போட்டேன். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை, மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தமிழும் இருக்கிறது மலையாளமும் இருக்கிறது. ஒரு பெண் எடுத்தார். பேர் சொல்ல வேண்டியதில்லை என்றார். நான் என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை, அவர் குறுக்கே பேசவில்லை என்பது மட்டும் ஞாபகம். கடைசியில் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. தயிர் இருக்கிறதா என்றார். இருந்தது. போனை வைத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்தேன். கடிகாரம் பார்க்காமல் பேசினது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரையும் உட்கார வைத்து மாசக்கணக்கில் பேசுகிற இடம் இல்லை இது, அதற்கு என்று வைத்ததும் இல்லை. ஆனால் அந்த மணிக்கு, அந்த நிலைமையில், வேறு யாரை எழுப்ப முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் அயல்கூட்டத்தில், அதாவது குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில், சீட்டுப் பணம் கட்டப் போனபோது செக்ரட்டரி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கொஞ்சம் சொன்னேன். "ஏன் அம்மிணி, நம்ம பஞ்சாயத்து மாடியிலயே கவுன்சிலர் வர்றாங்களே, தெரியாதா?" என்றார். தெரியாது! வருசாவருசம் அந்தக் கட்டிடத்துக்கு வரி கட்டப் போகிறேன், மாடியில் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், குடும்பஸ்ரீ என்பது 1998-ல் கேரள அரசு ஆரம்பித்த பெண்கள் திட்டம், உங்கள் மகளிர் சுய உதவிக் குழு மாதிரி, ஆனால் ஊருக்கு ஊர் பஞ்சாயத்தோடு சேர்ந்தே இயங்கும். கடன், ஓட்டல், விவசாயம் மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஜில்லா அளவில் ஸ்நேகிதா என்று உதவி மையம் இருக்கிறது, பெண்களுக்கு அவசரத்துக்குத் தங்க இடம்கூடத் தருகிறார்கள். அதன் கீழே பஞ்சாயத்து அளவில் ஜெண்டர் ரிசோர்ஸ் சென்டர், அங்கே கம்யூனிட்டி கவுன்சிலர். எல்லாம் இலவசம். புருசனும் கூட வரலாம். மொழிக்கும் பயப்பட வேண்டாம், கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு ஆபீசுக்குத் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் அதைச் சொல்லிக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை, கவுன்சிலர் டீச்சர் சித்தூர்க்காரர், இரண்டு மொழியும் ஒரே வாயில் வரும்.

முதல் நாள் டீச்சர் வரக் கொஞ்சம் நேரமாகும் என்று, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மலையாளப் பெண் எங்களை உட்கார வைத்து விவரம் எழுதிக்கொண்டிருந்தாள். எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்டில் சம்சாரம் ஒக்கெ உண்டோ?" என்றாள். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறாள். இவர் என்னைக் கை காட்டி, "இதா, பக்கத்துலயே உக்காந்திருக்குதுங்களே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாசம் கழித்துச் சிரித்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை, விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார், அந்தப் பெண்ணும் சிரித்தாள். டீச்சர் உள்ளே வந்தபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம், "நீங்கதானா சண்டைக்காரங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஏசி கிடையாது, ஒரு ஃபேன், அதுவும் கடகடவென்று சத்தம். பிளாஸ்டிக் சேர். கடிகாரம் இருந்தது, ஓடவில்லை. டீச்சர் என்னை அம்மிணி என்றும் அவரைத் தம்பி என்றும் கூப்பிட்டார். நான் மனத்தாங்கல் என்றேன். "என்ன தாங்கல், எதை எதிர்பார்த்து இல்லாமப் போச்சு?" என்று அந்த வார்த்தையையே பிடித்துக் கேட்டார். அவர் செய்த தப்பைவிட அவர் என்னிடம் மறைத்ததுதான் என்று அன்றைக்குத்தான் என் வாயாலேயே வந்தது.

அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, வீட்டு மாசக் கணக்கை ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் தாளில் அவர் பெட்ரோல் செலவு 9,000 என்று இருந்தது, அவர் தாளில் டீசல் 14,000. பெட்ரோல் வண்டி இல்லை டீசல் வண்டி என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை, கணக்கு எழுதுகிறவள் நான்! அவர் தாளில் பாப்பா ஸ்கூல் வேன் பணமே இல்லை, அது தானாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் டீச்சர் பென்சிலால் ஒரு இடத்தைத் தட்டினார். என் தாளில் மாசம் 2,000 எங்கே போகிறது என்று துண்டு விழுந்தது. என் தனிச் சீட்டு. அம்மா வீட்டுக்கு ஒரு அவசரம் என்றால் கொடுக்க என்று மூன்று வருசமாகக் கட்டுகிறேன், அவருக்குச் சொன்னதில்லை. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய விஷயம். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இடையில் அவருக்கு ராத்திரித் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு என்று சொன்னதும், "இது என் வேலை இல்ல தம்பி" என்று பாலக்காட்டில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பினார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. ஜாமீன் விவகாரத்துக்கும் அப்படித்தான், லீகல் சர்வீசஸ் என்கிற இலவசச் சட்ட உதவி ஆபீசுக்குப் போகச் சொன்னார். அதற்கான 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் உதவி இலவசம், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அங்கே போன பிறகுதான், கடன் வாங்கினவரை விட்டுவிட்டு பேங்க் நேராக ஜாமீன்காரர் மேலேயே வரலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெளிவாயிற்று. கையெழுத்துப் போட்டவருக்கே அது தெரியாது! தங்கச்சி புருசனை வரச்சொல்லி எழுதி வாங்கித் தவணை பேசினோம். புருசன் பெண்டாட்டி சண்டை கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால் அங்கேயும், 1984 குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, முதலில் சமரசத்துக்கு முயற்சி பண்ணித்தான் ஆக வேண்டும். அதுவரை போக வேண்டி வரவில்லை.

ஒரு குறை என்றால் அது ஊரின் குறைதான். பஞ்சாயத்து மாடிப்படி ஏறினால் கீழே மீன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் தெரியும். உள்ளே பேசினது ஒன்றும் வெளியே வரவில்லை, ஆனால் போனது தெரியும். முதல் இரண்டு வாரம் நான் கையில் வரி ரசீதை வைத்துக்கொண்டு ஏறினேன். இது ஒத்துவராதவர்கள் பக்கத்து ஊர் சென்டருக்குப் போகலாமா என்று கேளுங்கள், அல்லது சைக்காலஜி, சோஷியல் வொர்க் பட்டமேற்படிப்பு இருக்கிற கல்லூரிகளில் விசாரியுங்கள், சில இடங்களில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்திலோ சும்மாவோ பார்க்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, இது எங்கள் கதை இல்லை ஆனால் எழுதாமல் விட முடியாது. அடி உதை இருக்கிற வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து கவுன்சிலிங் என்று கிளம்பாதீர்கள், உள்ளே சொன்னதற்கு வெளியே வந்து அடி விழும். அங்கே 181 தான், பெண்கள் உதவி எண், கேரளம் தமிழ்நாடு இரண்டிலும் உண்டு, ராத்திரியானாலும் எடுப்பார்கள்.

ஏழு தடவை போனோம். ஆட்டோவுக்கு 60 வீதம் 420 ரூபாய், எல்லாம் காலையில் அரை மணி நேரம், அவர் லோடும் கெடவில்லை. கடைசித் தடவை டீச்சர் அடுத்த தேதி போடவில்லை, தேவைப்பட்டால் வாங்க என்றார். கீழே இறங்கி டீ குடிக்கும்போது, "நிமிஷத்துக்கு எவ்வளவு வருது, கணக்குப் போடலியா?" என்று கேட்டேன். "டீக்கு நீ குடு, உங்கிட்டதான் சீட்டுப் பணம் இருக்குதே" என்றார்.

மார்க் போடச் சொன்னால் கோவைக்கு ஐந்துக்கு மூன்று, ஆப்புக்கு ஒன்றரை, ராத்திரி போனுக்கு ஐந்து. பஞ்சாயத்து மாடிக்கு நான் நாலரை தருகிறேன். அவர் ஐந்து தரச் சொல்கிறார். அரை குறைத்தது அந்த ஃபேன் சத்தத்துக்கு, ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிப்போய்த் தானே மாட்டித்தருவதாகச் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் லோடு இல்லாத நாளில்.